மீன் நாற்றம் யார் குற்றம்?

மாணவ நண்பர்களே, உங்களுக்குப் பிடிக்காத உணவு எது? பாகற்காய் என்பார் ஒருவர். கத்தரிக்காய் என்பார் மற்றொருவர். பதினேழு வயது வரை என்னைக் கேட்டிருந்தால் ஒரே பதில்தான் சொல்லியிருப்பேன்: மீன்.

திருநெல்வேலிக்காரன் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி எங்கள் ஆறு. ஆற்றிலும், அதன் கால்வாய்கள் நிரப்பும் குளங்களிலும் கெண்டை, கெளுத்தி, விரால், விலாங்கு உண்டு. கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் தூத்துக்குடிக் கடல். அங்கிருந்து சாளையும் நெத்திலியும் பாறையும் வரும். ஆனால் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும் நாளில் நான் மட்டும் மோர் சோற்றுடன் திண்ணைக்குப் போய்விடுவேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒன்பதாம் வகுப்பில் கடற்கரை ஊரிலிருந்து வந்து படித்த நண்பன் ஒருவன் இருந்தான். மதியம் அவன் தூக்குச்சட்டியைத் திறந்ததும் நாங்கள் நான்கைந்து பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இடம் மாறி உட்காருவோம். சில நாட்களில் அவன் தனியே வேப்பமரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். அன்று அது எங்களுக்கு விளையாட்டு. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதே நண்பன்தான் பிறகொரு விடுமுறையில் என்னைத் தன் ஊருக்கு அழைத்துப் போனான். விடியற்காலையில் படகுகள் கரைக்கு வந்தன. வலையிலிருந்து உதறிய சாளைகள் வெள்ளிக் காசுபோல் மின்னின. நான் தயங்கித் தயங்கி மூச்சை இழுத்தேன். கடல் வாசனைதான் வந்தது. மீன் நாற்றம் இல்லை! நான் விழிப்பதைப் பார்த்து நண்பனின் அம்மா சொன்னார்: "என்னய்யா மோந்து பாக்க? பிடிச்ச மீனு நாறாதுய்யா. போட்டு வச்ச மீனுதான் நாறும்."

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு வேதியியல் பாடமே இருக்கிறது. உப்பு மிகுந்த கடல்நீரில் உடலின் நீர்ச் சமநிலையைக் காக்க, கடல் மீன்கள் தம் திசுக்களில் டிரைமெதில் அமீன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. இதற்கு நாற்றம் கிடையாது. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் பெருகி, இதை டிரைமெதில் அமீன் என்ற பொருளாக மாற்றுகின்றன. எளிதில் ஆவியாகும் இந்தப் பொருள்தான் நம் மூக்கைத் துளைக்கிறது. வெயில் ஏற ஏறப் பாக்டீரியாக்களின் வேலை வேகமாகும். பனிக்கட்டியில் வைத்தால் அது மெதுவாகும். ஆக, அந்த நாற்றம் மீனுடன் பிறந்ததன்று. காலமும் வெப்பமும் சேர்ந்து உண்டாக்கியது.

அப்படியானால் குழம்பில் புளி எதற்கு? டிரைமெதில் அமீன் ஒரு காரப்பொருள். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு உண்டாகும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? இந்த உப்பு ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது.

குளத்து மீனின் மண்வாடைக்குக் காரணம் வேறு. அதில் முக்கியமானது ஜியோஸ்மின். மண்ணிலும் நீரிலும் வாழும் சிலவகை நுண்ணுயிரிகள் இதை உண்டாக்குகின்றன. முதல் மழையில் எழும் மண் வாசனையிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மழையில் வந்தால் ஆகா என்கிறோம், மீனில் வந்தால் முகத்தைச் சுளிக்கிறோம்! அமிலம் பட்டால் ஜியோஸ்மினும் சிதைந்துவிடும். இங்கும் புளியே துணை.

வீட்டில் மீன் கழுவுபவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கையைத் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். மற்றொரு கையில் புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தேய்த்துக் கழுவுங்கள். பிறகு இரண்டையும் முகர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, எனக்கு மட்டும் ஏன் அத்தனை வெறுப்பு? ஆறு வயதில் மீன் சாப்பிட்ட ஓர் இரவு நான் விடிய விடிய வாந்தி எடுத்தேனாம். 1955இல் அமெரிக்காவில் ஜான் கார்சியா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீர் கொடுத்து, காமாக் கதிர்களையும் செலுத்தினார்கள். அதன் பிறகு அந்த எலிகள் தமக்கு மிகவும் பிடித்த இனிப்பு நீரையே ஒதுக்கின. குற்றம் கதிர்வீச்சினுடையது, தண்டனையோ இனிப்பு நீருக்கு! என் மூளையும் ஓர் இரவின் வாந்திக்காக எல்லா மீன்களையும் பதினோரு ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டது.

பிறவியிலேயே வரும் வேறுபாடும் உண்டு. ஐஸ்லாந்தில் 11 ஆயிரம் பேருக்கு மேல் பங்குபெற்ற ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. குறிப்பிட்ட ஒரு மரபணுவில் மாற்றம் உள்ள சிலருக்கு மீன் நாற்றம் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று அது காட்டியது. ஒரே பொருளை எல்லா மூக்கும் ஒரேமாதிரி முகர்வதில்லை.

கற்றுக்கொண்ட வெறுப்பை மறக்க முடியுமா? முடியும் என்பதே என் அனுபவம். 1982இல் லீன் பர்ச், டயான் மார்லின் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு, அவர்கள் அறியாத பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் 20 முறை வரை சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். அதிக முறை சுவைத்தவற்றையே குழந்தைகள் அதிகம் விரும்பின. நானும் அப்படித்தான் தேறினேன். முதலில் வெறும் குழம்பு. அடுத்து முறுகலாக வறுத்த நெத்திலி. அப்புறம் முள் எடுத்த சாளை. முதல் ஐந்தாறு முறை பிடித்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஓராண்டு கழித்து, முதல் நாள் மீன் குழம்பை மறுநாள் இட்லிக்குக் கேட்டு வாங்கியவனும் நான்தான்.

உடனே எல்லோரும் மீன் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொள்கையினால் ஊன் உண்ணாதவர்கள் உண்டு. மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்துவது தவறு. "வேண்டாம்" என்பது ஒருவரின் முடிவு. "பிடிக்காது" என்பதோ பல சமயம் நம் மூளை எப்போதோ அவசரத்தில் எழுதிவைத்த குறிப்பு. அதை ஒரு முறையேனும் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பாகற்காய்க்கும் இது பொருந்தும்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 2021 டிசம்பரில், நம் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியில், குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், நாற்றம் வீசுகிறது என்று கூறி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். செய்தி பரவியது. முதலமைச்சர் கண்டனம் தெரிவித்தார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் அந்த நாற்றம் அந்த அம்மாவின் குற்றமா? வெயிலும் நேரமும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்த வேலை அது. அதைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக வருபவர்களால்தான் நம் தட்டில் புரதம் சேர்கிறது.

செய்தியைப் படித்தபோது என் கண்முன் வந்தது பேருந்து அன்று, வேப்பமரத்தடிதான். மூக்கு சுருங்குவதை நம்மால் தடுக்க முடியாது. அது நரம்பின் வேலை. ஆனால் எழுந்து இடம் மாறி உட்காருவது நம் முடிவு. நாளை உங்கள் வகுப்பில் யாராவது தூக்குச்சட்டியைத் திறக்கும்போது, இடத்தை விட்டு எழாமல் உட்கார்ந்திருங்கள். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஒரு வாய் கேட்டும் பாருங்கள்.