மறதியுற்ற தொடர்ச்சி

2023ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' என்னும் வீடியோ விளையாட்டு வெளிவந்தது. மூன்றே நாளில் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றதாக நின்டெண்டோ நிறுவனம் அறிவித்தது. அன்று எழுந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. 2017இல் தோன்றி உலகெங்கும் உள்ளங்களைக் கவர்ந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்னும் முதல் விளையாட்டுக்கு இத்தொடர்ச்சி ஈடாகுமா? 'ஈடென்ன, விஞ்சியே விட்டது' என்பர் ஒருசாரார். 'பழைய நிலத்தைப் புதுவிலைக்கு விற்றனர்' என்பர் மறுசாரார். இரு சாராரும் குறிதவறியே அம்பெய்கின்றனர்.

பழைய நிலம் என்னும் குற்றச்சாட்டை முதற்கண் நோக்குவோம். ஹைரூல் என்னும் கற்பனை நாடே இரண்டுக்கும் களம், அதில் ஐயமில்லை. சிலம்பில் கண்ட புகாரையே மேகலையிலும் காட்டினார் என்று சாத்தனார்மேல் எவரேனும் வழக்குத் தொடுத்ததுண்டா? செல்டா வரிசையிலேயே இதற்கு மறுமொழி இருக்கிறது. 1998இல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டின் முகங்களையும் உருவங்களையும் பெரிதும் எடுத்தாண்டே 2000இல் 'மஜோராஸ் மாஸ்க்' படைக்கப்பட்டது. தெரிந்த முகங்களை வேறோர் ஊரில் நிறுத்தி, மூன்று நாளில் நிலவு வீழ்ந்து யாவும் அழியும் என்று அச்சுறுத்திய அப்படைப்பை, இன்று எவரும் பழஞ்சரக்கு என்று தள்ளுவதில்லை. மண் ஒன்றாயிருப்பது குறையன்று. அம்மண்ணில் என்ன நடக்கிறது என்பதே வினா.

விளையாட்டுப் பண்டத்துக்குக் காப்பிய அளவுகோலா என்று முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள், தம் மாணவருள் சிலர் எந்தக் கதைக்குள் நூறு மணிநேரம் வாழ்ந்துவிட்டு வந்து வகுப்பில் அமர்கின்றனர் என்பதைக் கேட்டறிதல் நலம்.

தொடர்ச்சியின் தொழில்திறம் பெரிது. முதல் விளையாட்டில் புல்லுக்குத் தீயிட்டால் வெங்காற்று மேலெழும். அதில் துணிச்சிறகை விரித்து வானேறலாம். இடிமழையில் இரும்பு வாளைத் தாங்கி நின்றால் மின்னல் அதன்மேல் பாயும். யாரும் கற்பிக்காமல் ஆடுவோன் தானே கண்டறிந்த விதிகள் இவை. தொடர்ச்சி அவ்விதிகளுக்குக் கைகள் தந்தது. பலகையும் சக்கரமும் விசிறியும் ஒட்டி வண்டி செய்யலாம், தோணி செய்யலாம், பறக்கும் பொறியும் செய்யலாம். கழியின் நுனியில் பாறையை இணைத்தால் சம்மட்டி கிடைக்கும். தலைக்கு மேலே மிதக்கும் தீவுகள். காலுக்குக் கீழே ஒளியற்ற பாதாளம். மேலே மலை நிற்கும் இடத்தில் அங்கே பள்ளம் கிடக்கிறது. இவ்வளவையும் கண்டபின் 'வெறும் ஒட்டுவேலை' என்று சொல்பவர் ஆடிப் பாராமல் பேசுபவரே. ஆயினும் ஒன்று: 120 வழிபாட்டு மாடங்கள் 152 ஆயின என்பதை வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவோர், பக்க எண்ணைப் பார்த்து நூலை மதிப்பிடுவோருக்கு இளையவர் அல்லர்.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. முதற்கதை எதைப் பற்றியது? போரில் வீழ்ந்த லிங்க் நூறாண்டு உறங்கி எழுகிறான். அவனுக்குத் தன்னையே தெரியவில்லை. பழைய படங்கள் காட்டும் மரத்தடியையும் ஆற்றங்கரையையும் தேடிச் சென்று நின்றால், இழந்த நினைவுகள் ஒவ்வொன்றாய்த் திரும்பும். தெய்வ விலங்குகள் எனப்பெற்ற நான்கு மாபெரும் இயந்திரங்களுள் உயிர்நீத்த தோழர் நால்வரின் ஆவிகள் அவனை அடையாளம் கண்டு பேசும். நினைவை மீட்பதே அக்கதையின் உயிர்.

அத்தகைய கதையின் தொடர்ச்சி மறதியிலிருந்து தொடங்குகிறது! ரீட்டோ மக்களின் ஊருக்கு மேலே கற்றூணில் வந்தமர்ந்த பறவை இயந்திரம் எங்கே? மாடங்கள் யாவை? வழிகாட்டிய கோபுரங்கள் எங்கே போயின? நாட்டையே அழித்த காவற்பொறிகள் ஏன் வயல்வெளியில் துருப்பிடித்துக் கிடக்கவில்லை? இவற்றுக்கு நேரான விடை விளையாட்டினுள் இல்லை. நாட்டைக் காத்த வீரனை முன்பின் கண்டறியாதார்போல் பேசும் மாந்தரும் பலர். சோரா மக்களிடம் மட்டும் இறந்த இளவரசி மீஃபாவின் நினைவிடம் இருக்கிறது. தமக்கையை இழந்த சீடான் இன்னொருவரையும் இழக்க நேருமோ என்று நடுங்குகிறான். அங்கே கதைக்கு உயிர் வருகிறது. எங்கெல்லாம் முதலை நினைக்கிறதோ அங்கெல்லாம் வெல்லும் படைப்பு, ஏனோ அதை அரிதாகவே நினைக்கிறது.

'புதிதாக வருவோர் குழம்பாதிருக்க இவ்வாறு செய்தனர்' என்று பரிந்துரைப்பர். சிலம்பைப் படியாதவனும் மேகலையைப் படிக்கலாம். ஆயினும் கோவலன் மறைந்த துயரம் மாதவியின் துறவாய் அங்கே நிற்கிறது; வஞ்சியில் கண்ணகியின் படிமத்தின் முன் மணிமேகலை சென்று நிற்கிறாள்; புகாரைக் கடல் கொள்கிறது. புதியவனை அது குழப்பவில்லை. பழையவனை அது ஏமாற்றவும் இல்லை.

கதைகூறும் முறையிலும் இவ்வழுவே தொடர்கிறது. முதல் விளையாட்டின் நினைவுகளை எவ்வரிசையில் கண்டாலும் கெடுதியில்லை. தோல்வி முன்பே தெரிந்தது, துயரின் ஆழம் மட்டுமே தெரியாதது. தொடர்ச்சியிலோ இளவரசி செல்டா எங்கே என்னும் மறைபொருளே கதை. நிலத்தில் வரையப்பட்ட பேருருவங்களின் கண்ணீர்த் துளிகள் அதனை வெளிப்படுத்தும். அவற்றையும் எவ்வரிசையிலும் காணலாம் என்று விட்டுவிட்டனர். விடையை முன்னரே கண்டுவிட்ட லிங்க், செல்டாவின் பொய்யுருவைத் துரத்தி அலையும் நண்பரிடம் வாய்திறவாமல் உடன் அலைகிறான். நான்கு கோயில்களை வென்றபின் நான்கு முன்னோர் தோன்றி, பழம்போரின் கதையை ஏறக்குறைய ஒரே சொற்களில் நான்குமுறை உரைக்கின்றனர். பாடம் ஒப்புவிக்கும் மாணவர்கூட இடையிடையே சொல்லை மாற்றுவர்.

செல்டா தன்னை இழந்து பறக்கும் நாகமாகி, ஊழிக்காலம் வானில் திரியும் காட்சி இவ்வரிசையின் மாண்புமிக்க இடங்களுள் ஒன்று. மாறியவர் மீளார் என்று கதையே சொல்லிற்று. முடிவிலோ அவள் மீள்கிறாள். லிங்க் இழந்த கையும் மீள்கிறது. விலை கொடுக்காத ஈகத்துக்கு யார் கண்ணீர் விடுவர்?

முதல் விளையாட்டில் ஹட்டேனோ என்னும் சிற்றூரில் இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டை, 30 கட்டு விறகும் 3000 ரூப்பிக் காசும் தந்து லிங்க்குக்காக வாங்கினர் ஆடுவோர். ஒவ்வொரு காசும் மலையிலும் காட்டிலும் பொறுக்கியது. தொடர்ச்சியில் அவ்வீடு அதே குன்றின்மேல் நிற்கிறது. அதைச் செல்டாவின் வீடு என்கின்றனர் ஊரார்.