மனநல ஆலோசனைக்குத் தனி ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர்களின் மனநலம் காக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நம் பள்ளிகள் பலவற்றிலோ, பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரை ஓரிரு நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, இந்தப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். பதிவேட்டில் வேலை முடிந்துவிடுகிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 1,416 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

ஆசிரியர் செய்தால் என்ன, தனி ஆள் செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பிகாரின் நாலந்தா மாவட்டத்தில் விடை இருக்கிறது. அங்கே 74 அரசுப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட ஆலோசகர் திட்டத்தை நடத்தினார். இன்னொரு பகுதியில் அதே திட்டத்தை அதே பள்ளியின் ஆசிரியர் நடத்தினார். மீதிப் பள்ளிகளில் திட்டம் இல்லை. மாணவர்கள் பெயர் போடாமல் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழுக்கள், தேவைப்படுபவருக்குத் தனியே ஆலோசனை என்று எளிய ஏற்பாடுகள்தான். 2018-இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, சக மாணவரை மிரட்டித் துன்புறுத்துவது குறைந்தது, பள்ளிச் சூழலே மேம்பட்டது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளுக்கும் திட்டமே இல்லாத பள்ளிகளுக்கும் வேறுபாடு தென்படவில்லை. இரண்டாம் ஆண்டிலும் அதே நிலைதான்.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாடத்தை முடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், இ.எம்.ஐ.எஸ். என்ற கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகப் போக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை வாய் திறக்கும் வரை பொறுமையாகக் காத்திருக்க அவருக்கு நேரம் ஏது? ஆசிரியருக்குத்தான் பிள்ளைகளை நன்றாகத் தெரியும் என்பது உண்மை. வழக்கமாகப் பேசும் பெண் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால் முதலில் கவனிப்பவர் அவர்தான். ஆனால் மதிப்பெண் போடுபவரும், பெற்றோரை வரச்சொல்பவரும் அவரே. அவர் அடித்ததையோ, எல்லார் முன்னாலும் திட்டியதையோ அவரிடமே போய் எந்தப் பிள்ளை சொல்லும்?

தகுதி பெற்ற உளவியலாளர்கள் அத்தனை பேருக்கு எங்கே போவது, சம்பளத்துக்கு எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்வி. நாலந்தாவில் அந்த வேலையைச் செய்தவர்கள் உளவியல் நிபுணர்கள் அல்லர். பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் பெற்ற சாதாரண ஆட்கள். சமூகப் பணியும் உளவியலும் படித்துவிட்டு வேலைக்கு அலையும் இளைஞர்கள் நம் மாவட்டங்களில் நிறையவே இருக்கிறார்கள். நூறு பேருக்குக் குறைவான பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது நீதிமன்றம். அருகருகே உள்ள சிறு பள்ளிகள் சிலவற்றுக்கு ஓர் ஆலோசகர் என்று வைத்தால் அந்தத் தொடர்பு ஏட்டில் நின்றுவிடாது. உதவி எண்கள் இருக்கின்றனவே என்பதும் போதிய பதில் ஆகாது. 14417, 14416 இரண்டும் தேவையானவைதான். ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் என்றால், அந்த வீட்டுப் பிள்ளை யாரை எப்படி அழைக்கும்?

தற்கொலையைப் பற்றிப் பள்ளியில் பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளில் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து, 2015-இல் வெளியான ஆய்வு அந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை. வெளியிலிருந்து வந்த பயிற்றுநர்கள் மாணவர்களோடு மனநெருக்கடி பற்றி வெளிப்படையாகப் பேசி, நடித்துப் பார்க்கவும் வைத்த பள்ளிகளில், ஓராண்டில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பள்ளி ஊழியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பிரிவில் குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை. நாலந்தா சொன்னதையே இதுவும் சொல்கிறது.

தேர்வு முடிவு வெளியாகும்போது முதல் இடங்களைப் பிடித்தவர்களின் பட்டியலை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் கைவிட்ட மாநிலம் இது. பிள்ளைகளின் மனச்சுமையை அரசு அறிந்திருக்கிறது. ஆகவே பள்ளி ஆலோசகர் என்ற பணியிடத்தை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே தனித் தலைப்பில் நிதி ஒதுக்கி உருவாக்க வேண்டும். அந்தப் பணியில் இருப்பவருக்குப் பாட வகுப்போ, தேர்தல் வேலையோ, இ.எம்.ஐ.எஸ். பதிவேற்றமோ தரக்கூடாது என்பதையும் அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சிராப்பள்ளி