சுவர் அழுக்காகும்னு செல்போனைக் கொடுக்காதீங்க!



எங்கள் செம்பரம்பாக்கம் பக்கம் வாடகை வீடு என்றாலே இப்போது 'போர்ஷன்'தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களின் குடும்பங்கள் நிறைய. நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவர் பகலில் தூங்க வேண்டும். அதே அறையில் இரண்டு வயசுக் குழந்தை விளையாட வேண்டும். சுவரில் ஒரு கோடு விழுந்தால் போதும், "காலி பண்ணும்போது பெயின்ட் காசை அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்" என்பார் வீட்டுக்காரம்மா. அந்தத் தாய் என்ன செய்வாள், பாவம்! சத்தமும் வரக்கூடாது, கறையும் படக்கூடாது என்று செல்போனைக் கொடுத்து உட்கார வைத்து விடுகிறாள்.

அவளைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அதே அமைதியும் சுத்தமும் செல்போன் இல்லாமலே கிடைக்கும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். குழந்தையை வர்ணம் தீட்ட விடுங்கள். "ஐயோ, வீடெல்லாம் கலராகிடுமே" என்று பயப்பட வேண்டாம்.

முதல் வழிக்குக் கலரே தேவையில்லை. ஒரு டம்ளர் தண்ணீர், பழைய பெயின்ட் பிரஷ் போதும். சிமென்ட் தரையிலோ, பூசாத காம்பவுண்ட் சுவரிலோ குழந்தை இழுக்கிற கோடு கருப்பாகத் தெரியும். நம்ம ஊர் வெயிலில் சீக்கிரமே காய்ந்து மறைந்துவிடும். மறுபடி வரையலாம்! துடைக்கிற வேலையே இல்லை.

இரண்டாவது, ஜிப் கவர். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சி மாதிரி காய்ச்சி ஆற வையுங்கள். ஒரு கரண்டியில் மஞ்சள், இன்னொரு கரண்டியில் பீட்ரூட் சாறு கலந்து, கவரின் இரு மூலைகளில் போட்டு மூடி, நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் பதித்துவிடுங்கள். குழந்தை விரலால் அழுத்த அழுத்த இரண்டும் கலந்து புதுக் கலர் வரும். கையில் ஒரு துளி ஒட்டாது. அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, வெண்டைக்காய் அச்சு. காம்புப் பக்கம் நறுக்கியதும் நடுவில் பூ தெரியும் அல்லவா? தட்டில் மடித்த துணியைக் கலரில் நனைத்து வைத்து, அதில் தொட்டுப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குத்தச் சொல்லுங்கள். துணி என்பதால் கலர் சிந்தாது. குளிப்பாட்டும் டப்பிற்குள் தாளோடு குழந்தையையும் உட்கார வைத்துவிட்டால், முடிந்ததும் அங்கேயே குளியல்!

சில எச்சரிக்கைகள். பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வாளித் தண்ணீரோ, பிளாஸ்டிக் கவரோ வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்க வேண்டாம், பிஞ்சுத் தோலும் கண்ணும் புண்ணாகும். வீட்டுக்கு அடித்து மீந்த பெயின்ட் கூடவே கூடாது. பெயின்டில் காரீயம் குழந்தை மூளைக்குக் கேடு என்பதால்தான் 2017 நவம்பர் முதல் வீட்டு பெயின்டில் அதை மிகக் குறைவாக வைக்க மத்திய அரசு விதி செய்தது. மஞ்சள் துணியில் படும். பழைய பனியன் போட்டுவிடுங்கள். பட்டாலும் துவைத்து வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும்.

ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயசில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கிறது. செல்போனைத் தள்ளுகிற விரலுக்கு வேறு வேலை கிடையாது. பிரஷ் பிடிக்கிற கைக்கோ பிடிமானம் வரும். நாளை பென்சில் பிடிக்க அதுதானே அஸ்திவாரம்? மூன்று வயசிலேயே 'அ' எழுதச் சொல்லி அடிப்பதைவிட இது மேல் அல்லவா?

இன்னொன்று. குழந்தை கிறுக்கியதைப் பார்த்து "இது என்ன, யானையா? தும்பிக்கை எங்கே?" என்று திருத்தாதீர்கள். அதற்கு அது யானைதான்!

லீவு நாளில் அப்பாக்களும் கூட உட்காரட்டும். தரை துடைக்கிற துணி பெண்களுக்கு மட்டும் சொந்தமில்லையே. வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மொட்டை மாடியிலோ பின்பக்கச் சுவரிலோ தண்ணீரில் வரையக் குழந்தைகளை விடுங்கள். உங்களுக்குக் காலணா நஷ்டமில்லை. ஒற்றை அறையில் அடைந்து கிடக்கிற பிஞ்சுகளுக்கு அது பெரிய உலகம்.

என்ன தோழிகளே, நாளைக்கே ஒரு டம்ளர் தண்ணீரோடு ஆரம்பிக்கலாமா?

- ஒரு வாசகி, செம்பரம்பாக்கம்.