பாட்டும் படிப்பும் ஒற்றைத் தண்டவாளத்தில்

இன்டர்மீடியட் முடிவுகள் வெளிவரும் மாதங்களில் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. சிறு வயது முதல் பாட்டு கற்றுவரும் பிள்ளை, கல்லூரியிலும் பாட்டே படிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர், "பாட்டு சோறு போடுமா? முதலில் ஒரு டிகிரி வாங்கு" என்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் பேச்செல்லாம் பணத்தைப் பற்றியே நடக்கிறது. நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சித்தூர், திருப்பதிப் பக்கம் வாழும் நமக்கு இசைக்குக் குறைவில்லை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் சீடரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954-ல் சங்கீத கலாநிதி ஆனவர். திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரி 1959 முதல் நடந்து வருகிறது. 1983-ல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் இசைத் துறை இருக்கிறது. பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்பு கூடாது என்ற தடையும் இன்று இல்லை. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு வழிவிட்டது. வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் இரண்டையும் நேரில் படிக்கலாம். ஒன்றை நேரிலும் மற்றதைத் தொலைநிலையிலும் படிக்கலாம். நாம் சேரும் பல்கலைக்கழகம் இதை ஏற்றிருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். ஒற்றை லைனில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஓடலாம். ஆனால் எந்த ஸ்டேஷனில் எது நிற்கும், எது முதலில் போகும் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பிள்ளையின் நாளும் ஒற்றை லைன்தான். காலை ஏழரைக்குக் கல்லூரி பஸ், மாலை ஆறுக்கு வீடு என்றால் சாதகம் எப்போது? கணக்கையும் சட்டத்தையும் இரவு விழித்துப் படித்துத் தேறிவிடலாம். குரலை அப்படித் தேற்ற முடியாது. அதற்குத் தினசரி சாதகம் வேண்டும், தூக்கம் வேண்டும், எதிரே அமர்ந்து பிழை திருத்தும் குரு வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. பாட்டுதான் முதல் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், பாட்டைப் பகலில் கல்லூரியில் படிக்கட்டும். வணிகவியல், வரலாறு போன்றவற்றைத் தொலைநிலையில் படிக்கட்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பொறியியல்தான் வேண்டும் என்றால் கூடவே இன்னொரு பட்டம் என்று பிள்ளையை வதைக்க வேண்டாம். நல்ல குருவிடம் மாலையில் பாடம் தொடரட்டும். பட்டம் பிறகும் வாங்கலாம். சௌம்யா சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் முதுநிலை முடித்தவர். டாக்டர் பட்டம் வாங்கியதோ இசையில். சஞ்சய் சுப்பிரமணியன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பு படித்தவர். 2015-ல் சங்கீத கலாநிதி.

காளஹஸ்தியில் பள்ளிப் படிப்பு படித்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தைக் காட்டி, "அவர் எந்தக் கல்லூரியில் பாட்டுப் படித்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. பொறியியல் படிக்கப்போய்ப் பாடகர் ஆனவர்தான், முறையாகச் சங்கீதம் கற்றதில்லை என்று அவரே சொன்னவர்தான். ஆனால் பிறவிக் கலைஞரை வைத்து மற்றப் பிள்ளைகளுக்கு அட்டவணை போட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெலுங்குப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்குத் தியாகராஜர் கீர்த்தனை பொருளோடு புரிகிறது. பெரிய பாக்கியம். ஆனால் பாபநாசம் சிவன் பாடலைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துப் பாடும்போது 'ழ'கரம் காணாமல் போகிறது. தொலைநிலையில் எடுக்கும் இரண்டாவது பாடம் தமிழ் இலக்கியமாகவும் இருக்கலாமே.

சேர்க்கைப் படிவம் நிரப்புமுன் கல்லூரியில் நான்கு விஷயம் கேளுங்கள்: வகுப்பு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மாலை வகுப்பு உண்டா, வாய்ப்பாட்டு ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர், வருகைப்பதிவு எத்தனை சதவீதம் வேண்டும். பிறகு பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதிகாலை எழுந்து தம்புரா முன் உட்காரப்போவது நாமல்ல.