எல்லைக்கோட்டில் நிற்கும் எண்கள்

டெல்லியிலோ புனேயிலோ ஒரு சனிக்கிழமை காலை. பரிசோதனைக்கூடத்து இளைஞர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார். மாலைக்குள் கைப்பேசியில் பன்னிரண்டு பக்க அறிக்கை வந்துவிடுகிறது. அறுபது எழுபது எண்கள். அவற்றில் மூன்றுக்கு மட்டும் பக்கத்தில் நட்சத்திரக் குறி. வெறும் வயிற்றில் சர்க்கரை 108. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0. டிரைகிளிசரைடு 182. நோய் என்றும் சொல்ல முடியாது, நலம் என்றும் சொல்ல முடியாது.

உடனே குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிகிறது. 'நாற்பதைத் தாண்டினால் இதெல்லாம் சகஜம்' என்று அறிக்கையை மூடி வைப்பது ஒரு கட்சி. மறுநாளே பாகற்காயைச் சாறு பிழிய ஆரம்பிப்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி கிடைத்த அவகாசத்தை வீணாக்குகிறது. இரண்டாவது கட்சி பத்து நாளில் களைத்துப் போய் முதல் கட்சியில் சேர்ந்துவிடுகிறது.

இந்த அவகாசத்தில் இருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய மாபெரும் ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடி. நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. நீரிழிவில் கோவா முதலிடம் பிடித்தது (26.4 சதவீதம்). வாசலில் நிற்பவர்களின் விகிதத்தில் முதலிடம் சிக்கிமுக்கு. இதைவிடக் கவலை தருவது உத்தரப் பிரதேசம். அங்கே நீரிழிவு 4.8 சதவீதம்தான், ஆனால் வாசலில் நிற்பவர்கள் 18 சதவீதம். தெற்கிலும் கோவாவிலும் ஏற்கெனவே அடித்துவிட்ட அலை அங்கே இனிமேல்தான் கரையைத் தொடப்போகிறது.

எல்லைக்கோடு என்பது இயற்கை போட்ட கோடல்ல, நிபுணர் குழுக்கள் போட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் முதலில் 110-ஐ வரம்பாக வைத்திருந்தது. 2003-ல் அதை 100-ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 110-லேயே நின்றுவிட்டது. ஆகவே 104 வந்தவர் ஒரு கணக்கில் ஆபத்தின் விளிம்பில் இருப்பவர், இன்னொரு கணக்கில் சாதாரண மனிதர். இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140 முதல் 199 வரை இருந்தால் அது எல்லைக்கோடு. 200-ஐத் தொட்டால் நீரிழிவு. ஆனால் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் 'பேக்கேஜ்'களில் பெரும்பாலும் இந்தச் சோதனை இருப்பதில்லை. இரண்டு மணி நேரம் காத்திருக்க யாருக்குப் பொழுதிருக்கிறது?

உணவை மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்வி, வந்த எண் உண்மைதானா என்பது. காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, தூக்கம் கெட்ட இரவு ஆகியவை சர்க்கரையை ஏற்றிக் காட்டும். ரத்தம் எடுத்த பிறகும் அதிலுள்ள செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரணக் குழாயில், அறை வெப்பத்தில், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். சர்க்கரைக்கான ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட, ஃப்ளோரைடு கலந்த குழாயில் எடுப்பது இதற்காகத்தான். அதுவும் உடனடியாகத் தடுப்பதில்லை. மே மாத வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் ஊர் சுற்றிய ரத்தம் 98 என்று காட்டினால், அதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கில்லை.

ஹெச்பிஏ1சி-யிலும் இந்தியாவுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவினால் வரும் ரத்தசோகை இந்த எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 9 இருக்கும் பெண்ணின் 5.9-ஐப் பார்த்து அவருடைய சோற்றைக் குறைப்பதைவிட, முதலில் இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பதே முறை. மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் அதிகம் காணப்படும் அரிவாள் செல் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையை நம்பவே முடியாது.

எண் உண்மைதான் என்று உறுதியானால்? உணவும் நடையும் நிஜமாகவே பலன் தருமா என்பதற்கு வெளிநாட்டைத் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் குண்டானவர்கள். எடையை 7 சதவீதம் குறைப்பதே அங்கே இலக்கு. இந்தியாவில் எல்லைக்கோட்டுக்கு வருபவரோ பல சமயம் ஒல்லியான கைகால்களும் சற்றே தள்ளிய தொப்பையுமாக இருப்பவர். அவருக்குப் பொருந்துமா?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வில் விடை கிடைத்தது. இரண்டு மணி நேரச் சோதனையை இரண்டு முறை செய்து எல்லைக்கோடு என்று உறுதியான 531 பேர், பெரும்பாலும் நடுத்தர வயது நடுத்தர வர்க்கத்தினர், நான்கு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான யோசனைகள் மட்டும். இரண்டாவது குழு தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். சர்க்கரை, மைதா வகைகள், எண்ணெயைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும்.

2006-ல் வெளியான முடிவு இது. மூன்றாண்டுக் கணக்கில், எதுவும் மாற்றாத குழுவில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்காரர்களாகிவிட்டார்கள். பாதிக்கு மேல்! நடையும் உணவும் மாற்றியவர்களில் இது 39.3 சதவீதம். மாத்திரைக் குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 39.5. அதாவது நடை மாத்திரைக்கு ஈடு கொடுத்தது. நடப்பவருக்குக் கூடுதலாக மாத்திரை கொடுத்ததில் கூடுதல் பலன் ஏதுமில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் ஆறேழு பேர் மூன்று ஆண்டு ஒழுங்காக நடந்தால் அவர்களில் ஒருவர் தப்பிக்கிறார்.

இன்னொரு விஷயம் அதைவிட வியப்பானது. வாழ்க்கை முறையை மாற்றிய குழுவில் எடை சொல்லும்படி குறையவில்லை. ஆனாலும் ஆபத்து குறைந்தது. காரணம் தசையில் இருக்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். ஆகவே எடை இயந்திரத்தின் முள் அசையவில்லை என்பதற்காக இரண்டாவது மாதத்தில் நடையை நிறுத்துகிறவர்கள் தப்பான கருவியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இடுப்பில் சுற்றும் டேப் அதைவிட நல்ல சாட்சி. இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எச்சரிக்கை அளவு.

சாப்பாட்டு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். சோறு சாப்பிடும் வங்காளி சப்பாத்திக்கு மாறுகிறார். சப்பாத்தி சாப்பிடும் பஞ்சாபி பல தானிய மாவுக்கு மாறுகிறார். மாவு ஆலைகளுக்கு லாபம், ரத்தத்தில் மாற்றமில்லை. அதே தேசிய ஆய்வின் உணவுத் தகவல்களை வைத்து 2025-ல் வெளியான கணக்கு, இந்தியர்களின் உணவு சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. அரைத்த கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைவதில்லை, மொத்த அளவு குறைய வேண்டும் என்றும் அது காட்டியது. 2022-ல் இதே குழுவினர் கணினி மாதிரி மூலம் போட்ட கணக்கில், எல்லைக்கோட்டிலிருந்து இயல்புக்குத் திரும்ப மாவுச்சத்து 50 முதல் 56 சதவீதமாக இறங்க வேண்டும், புரதம் 18 முதல் 20 சதவீதமாக ஏற வேண்டும்.

சதவீதத்தைத் தட்டில் பரிமாற முடியாதே. நாலு ரொட்டி என்றால் இரண்டரை; விட்டுப்போன இடத்தில் இன்னொரு கரண்டி கெட்டியான பருப்பு, ராஜ்மா, பனீர், முட்டை, மீன் என்று வீட்டு வழக்கப்படி ஏதோ ஒன்று. உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது என்பதை வட இந்தியச் சமையலறைகள் ஏற்றுக்கொள்வது கடினம்தான். காயையும் பருப்பையும் முதலில் தின்று, சோற்றையோ ரொட்டியையோ கடைசியில் தொட்டால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத யோசனை. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் உலாத்துவதும் அப்படியே.

தேநீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாளுக்கு நாலு கப், கப்புக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் 25 கிராம் வரம்பு அங்கேயே தாண்டிவிடுகிறது. வெல்லமும் தேனும் சர்க்கரையின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான். ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

மற்ற நட்சத்திரக் குறிகளில் உணவுக்குச் சீக்கிரம் பணிவது டிரைகிளிசரைடு. சர்க்கரையையும் மதுவையும் நிறுத்தினால் சில வாரங்களில் இறங்கும். கெட்ட கொலஸ்ட்ரால் அவ்வளவு இளகிய மனதுடையதல்ல. நெய், வெண்ணெய், பாமாயிலைக் குறைத்து ஓட்ஸ், பயறு வகைகளைக் கூட்டினால் ஓரளவு குறையும். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர் அதை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. தைராய்டு சோதனையான டிஎஸ்ஹெச் சற்றே கூடியிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே வழக்கம். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது தைராய்டு சோதனையையே திசைதிருப்பும்.

எல்லோருக்கும் நடை ஒன்றே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. சென்னையில் 578 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில், வகுப்புகள் மூலம் வாழ்க்கை முறையை மாற்றி, தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் சேர்த்தார்கள். நீரிழிவு ஆபத்து 32 சதவீதம் குறைந்தது. ஆனால் 72 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மாத்திரை தேவைப்பட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருந்து, சாப்பாட்டுக்குப் பின் இயல்பாக இருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் மிகக் குறைவு, 12 சதவீதம்தான். இரவில் ஈரல் தேவைக்கு மேல் சர்க்கரையை வெளியே விடுவது இவர்கள் பிரச்சினை. தசையை அசைத்தால் மட்டும் அது அடங்கிவிடாது. ஆகவே இரண்டு மணி நேரச் சோதனை வெறும் சம்பிரதாயமல்ல. யாருக்கு நடை போதும், யாரை டாக்டர் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்பதை அதுதான் பிரித்துக் காட்டுகிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து பிரசவத்துக்குப் பின் மறைந்துபோன பெண்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட மறக்காத குடும்பங்கள் தாயின் இந்தச் சோதனையை மறந்துவிடுகின்றன.

தொடர்ந்து செய்வதுதான் கஷ்டம் என்பது ஆய்வாளர்களுக்கும் தெரியும். ராமச்சந்திரன் குழுவினர் வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. பெறாதவர்களில் 27 சதவீதம். ஞாபகப்படுத்த ஆளிருந்தாலே இவ்வளவு வித்தியாசம். வீட்டில் அந்த வேலையை இலவசமாகச் செய்ய எப்போதும் யாராவது இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பதில்தான் தகராறு.

அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்து. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதற்கு முன் ஹெச்பிஏ1சி எடுப்பது காசுக்குக் கேடு. அதே பரிசோதனைக்கூடம், முந்தின இரவு அதே நேரத்தில் சாப்பாடு, எட்டு முதல் பத்து மணி நேரப் பட்டினி. சோதனைக்கு முந்தின மூன்று நாள் மட்டும் இனிப்பை நிறுத்தி எண்ணை அழகுபடுத்துகிற பழக்கம் பலரிடம் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒருவேளை ஏமாறலாம். ஹெச்பிஏ1சி தொண்ணூறு நாள் கணக்கை வைத்திருக்கிறது.