டாங்கிக்கு எதற்குத் தகரக் கூரை?

உக்ரேன் போர்க் காணொளிகளில் பார்த்திருப்பீங்க. தகரக் கொட்டகை ஒன்று வயலைக் கடந்து ஊர்ந்து போகும். உற்றுப் பார்த்தால் உள்ளே ரஷ்ய டாங்கி! 2024 ஏப்ரலில் அது முதலில் தலைகாட்டியபோது, "ஆமை டாங்கி" என்று இணையமே சிரித்தது.

சிரிக்கிற விஷயம் இல்லை. டாங்கிக்கு முன்பக்கக் கவசம்தான் கனம். மேல்பக்கமும் பின்பக்கமும் மெலிசு. சில நூறு டாலர் டிரோன், வெடிபொருளோடு அந்த மெலிசான இடத்தைத் தேடி வருது. கூரை இருந்தால் அது தகரத்திலேயே வெடித்துவிடும்.

ஆனால் சும்மா கிடைக்கிற பாதுகாப்பா? பல ஆமை டாங்கிகளில் பீரங்கியைத் திருப்பவே முடியாது. ஓட்டுநருக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். தேசியச் சேவையில் கவச வாகனம் ஏறியவர்களுக்கு அது எவ்வளவு பயங்கரம் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அந்த வண்டி எதுக்கு? முன்னால் உருளைகளை மாட்டிக்கொண்டு, கண்ணிவெடிகளை வெடிக்கவைத்து, பின்னால் வருபவர்களுக்குப் பாதை திறக்க.

இது புது யோசனை இல்லை. 1944இல் நார்மண்டியில் இறங்கிய பிரிட்டிஷ் படையிடம் 'கிராப்' டாங்கி இருந்தது. முன்னால் சுழலும் உருளையில் கட்டிய சங்கிலிகள் தரையை அடித்துக் கண்ணிவெடிகளை வெடிக்கவைக்கும். அடிக்கும்போது வேகம் மணிக்குச் சுமார் 2 கிலோமீட்டர்தான். அந்த நேரத்தில் முன்னால் சுடவும் முடியாது. அதான் பெரும்பாலும் ஐந்து வண்டிகளில் மூன்று தரையை அடிக்க, இரண்டு காவல் இருந்தன.

வண்டிகளைவிட முக்கியம், அந்தப் பயிற்சிதான். மேஜர் ஜெனரல் பெர்சி ஹோபார்ட்டின் 79ஆம் கவசப் பிரிவுக்கு 1943லேயே இந்தப் பொறுப்பு வந்துவிட்டது. ஜெர்மானியத் தடுப்புகளைப் போலவே சஃபோக் வட்டாரத்தில் கட்டி, அவற்றின்மேல் ஏறிப் பழகினார்கள்.

திட்டம் பிசகினால்? அதே நாளில் ஒமாஹா கடற்கரைக்கு வெளியே, அமெரிக்காவின் 741ஆம் டாங்கிப் படை, துணித்திரை கட்டிய 29 மிதக்கும் டாங்கிகளை அலையடிக்கும் கடலில் இறக்கியது. 27 மூழ்கின. பக்கத்துப் படை அதே ரக டாங்கிகளைப் படகிலேயே கரைவரை கொண்டுபோனது. பெரும்பாலானவை தப்பின.

2023 ஜூனில் உக்ரேன் இதைக் கசப்பாக உணர்ந்தது. பின்லாந்து கொடுத்த 'லெப்பர்ட் 2ஆர்' கண்ணிவெடி அகற்றும் வண்டிகள் சில, மாலா தொக்மாச்கா அருகே வயலிலேயே கைவிடப்பட்டன. (சிங்கப்பூர் ராணுவத்திடமும் லெப்பர்ட் 2 டாங்கிகள் உண்டு.) வண்டியில் குறை என்று நான் நினைக்கவில்லை. போதிய வான் பாதுகாப்பு இல்லை, படைப்பிரிவு புதிது, பயிற்சிக்குக் கிடைத்தது சில மாதங்கள்தான்.

அடுத்த முறை அந்த மாதிரிக் காணொளி வந்தால், கொட்டகையை மட்டும் பார்க்காதீங்க. அது திறந்த பாதையில் பின்னால் யாராவது வர்றாங்களா என்று பாருங்க.