வேகம் மட்டும் போதுமா?

இது விரைவின் காலம். பழைய பந்தயக் கார் ஒன்று கைக்குக் கிடைத்தால், அதில் ஒரு சூப்பர்சார்ஜரைப் பொருத்தி இன்னும் விரைவாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இளைஞர் உள்ளத்தில் எழுவது இயல்பே. பழமையைத் தொடுவதே பாவம் என்பார் சிலர். வேகமே வாழ்வு என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் எனக்கு உடன்பாடில்லை. தாங்கும் வலிமையைத் தந்த பின்னரே வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது என் கருத்து.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சின் தன் சொந்த விசையாலேயே சுழற்றும் ஒரு காற்றழுத்தி. சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. இதுவோ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும், ஆற்றலும் கூடும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. அழுத்தப்பட்ட காற்று சூடாகும் என்பது நாம் படித்த பாடந்தானே? சூடு அளவு மீறினால் எரிபொருள் கட்டுக்கடங்காமல் வெடித்துப் பிஸ்டனையே பழுதாக்கிவிடும். ஆகவே எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைக்க வேண்டும். பிஸ்டனும் பேரிங்கும் வலுப்பெற வேண்டும். ரேடியேட்டரும் பிரேக்கும் புதிய வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பெண்ட்லி கார் இதற்குச் சான்று. நாலரை லிட்டர் எஞ்சின் கொண்ட அக்காரின் ஆற்றல் 110 குதிரைத்திறன். 1929-ல் டிம் பிர்க்கின் என்ற பந்தய வீரரின் முயற்சியால், ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜர் அதில் பொருத்தப்பட்டது. ஆற்றல் சாலைக் காரில் 175 ஆகவும், பந்தயக் காரில் 240 ஆகவும் உயர்ந்தது. நிறுவனர் டபிள்யூ. ஓ. பெண்ட்லிக்கு இது பிடிக்கவில்லை. ஆற்றல் வேண்டுமானால் எஞ்சினையே பெரிதாக்கு என்பது அவர் கொள்கை. 1930-ல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் பிர்க்கின் அணியின் கார்கள் பாதியிலேயே வெளியேறின. சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லிட்டர் பெண்ட்லிகள் முதலிரண்டு இடங்களைப் பெற்றன. எனினும் 1932-ல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் பிர்க்கின் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்ததும் சூப்பர்சார்ஜர் பொருத்திய பெண்ட்லியில்தான். ஒரு சுற்றுக்கு உதவிய வேகம், ஓர் இரவும் பகலும் நிலைக்கவில்லை!

பெண்ட்லிக்கும் ஆம்பூருக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நம் பாலாற்றங்கரையிலும் ஒரு பழைய தொழிலுக்கு இப்படி வேகம் ஏற்றப்பட்டது. ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோல், குரோம் உப்பு வந்த பின் ஓரிரு நாளில் பதமாகிறது. தொழில் பெருகியது, வேலை கிடைத்தது. என் தந்தை டேனரியில் டிரம் ஓட்டுபவர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக நான் கல்லூரி வாயிலை மிதித்தேன். ஆகவே அந்த வேகத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் எஞ்சினின் சூட்டைப் போல, இந்த வேகத்தோடு பிறந்த கழிவுநீருக்கு உரிய காலத்தில் வழி செய்யப்பட்டதா? இல்லையே! உப்பும் குரோமியமும் பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்தன. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் இதே மாசு குறித்து அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. கூலி வீட்டுக்கு வந்தது. குடிநீர் கிணற்றை விட்டுப் போனது.

நாளை ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பொறுப்பேற்கப் போகிறவர்கள் அறிவியல் மாணவர்களாகிய நாம். எவ்வளவு வேகம் கூடும் என்று கணக்கிடுமுன், அதை எது தாங்கும், அதன் கழிவு எங்கே போகும் என்று கேட்கப் பழகுவோம். முதலில் பிரேக், பிறகே சூப்பர்சார்ஜர்!